அரை நாள் நின்ற பிரிட்ஜ்

நான் அரசாங்கத்துக்குக் கடன்காரி என்று சொல்லி வந்த கடிதத்தை என்னைவிட முன்னதாகக் கையில் எடுத்தது, அதாவது வாயில் எடுத்தது, ஒரு மான். திருகோணமலை நகரத்தில் மான்கள் தெருவில் திரிவதைப் பார்க்க வெளியூர்க்காரர் கமெராவோடு வருவார்கள். எங்களுக்கு அவை வாழைத்தோலையும் தபாலையும் ஒரே மாதிரித் தின்கிற தொல்லை. தபால்காரர் வாசல் படலையில் செருகிவிட்டுப் போன நீளக் கவரின் மூலையை அது மென்றுகொண்டிருந்தது. நான் விளக்குமாற்றோடு ஓடிப்போய்ப் பறித்தேன். அந்த மானை அதன் பாட்டில் விட்டிருக்கலாம் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

கவருக்குள் ஒரு தாள். ‘தகுதியற்ற காலப்பகுதியில் பெற்றுக்கொண்ட நலன்புரிக் கொடுப்பனவுகளை மீள அறவிடல்’ என்று தலைப்பு. மூன்று வருடமாக மாதாமாதம் வங்கிக்குப் போய் வரிசையில் நின்று நான் எடுத்த உதவிப்பணத்தை ஒரு சதம் மிச்சமில்லாமல் திருப்பிக் கட்டவேண்டுமாம். இனிமேல் தரவும் மாட்டார்களாம். காரணமும் எழுதியிருந்தது. என் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி உட்பட வசதியான பொருட்கள் இருந்தனவாம். அவற்றை நான் மறைத்தேனாம்.

மறைத்தேனாம்! அந்தப் பிரிட்ஜை வாசலால் வருகிற ஆளுக்கு முதலில் அதுதான் தெரியவேண்டும் என்று நடு அறையில், சாமிப்படத்துக்கும் முன்னால், மூன்று தரம் இடம் மாற்றி நிறுத்தியவள் நான். மறைப்பதற்கா அவ்வளவு பாடு பட்டேன்?

அந்த நாளைச் சொல்லவேண்டும்.

துறைமுகத்துக்குப் பின்புறமாக, கப்பல் ஊதினால் கூரைத் தகரம் அதிர்கிற ஒழுங்கையில் எங்கள் வீடு. இரண்டு அறை, ஒரு குசினி. கணவர் காலமாகி ஐந்து வருடம். காலையில் இடியப்பமும் சம்பலும் அவித்துக் கந்தோர் வேலைக்குப் போகிறவர்களுக்கு விற்பேன். ஒரே மகள் மருந்துக்கடையில் நிற்கிறாள். அவளுக்குத் தம்பலகாமத்தில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பொடியன் சொந்த உழவு இயந்திரம் வைத்து ஓடுகிறவர், குடி இல்லை, வயல் இருக்கிறது. ஒரு புதன்கிழமை நல்ல நாள் என்று சொல்லிப் பெண் பார்க்க வருவதாக அறிவித்தார்கள். யாருக்கு நல்ல நாள் என்று நாள் குறித்த சாத்திரி சொல்லவில்லை.

எங்கள் ஒழுங்கையில் பெண் பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்றால் அது ஒரு வீட்டு அலுவல் இல்லை. ஆட்கள் வருகிற வீடு எதுவோ அதுதான் அன்று அரை நாளைக்கு ஒழுங்கையின் பணக்கார வீடு. எதிர்வீட்டு ரீச்சரின் மெத்தைக் கதிரைகள் வரும். இதுவரை நாலு கலியாணத்தை ஒப்பேற்றிய கதிரைகள் அவை. ரீச்சர் வீட்டுத் தொலைக்காட்சியும் பின்னால் வரும். பிரிட்ஜ் பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா, எங்கள் ராத்தாவுடையது. ராத்தாவும் என்னைப்போல உதவிப்பணம் எடுக்கிறவர்தான். அவருடைய மனிசன் ஒருகாலத்தில் துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். இப்போது சிறுநீரக வருத்தத்தோடு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக நடக்கிறார். போன வருடம் மகன்மார் இரண்டு பேரும் சீட்டுப்போட்டு வாங்கிக் கொடுத்த பழைய பிரிட்ஜில் ராத்தா ஐஸ் பக்கற் செய்து பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் விற்கிறார். மருந்துக் காசில் பாதி அந்தப் பிரிட்ஜின் உழைப்பு.

விடிய ஆறு மணிக்கு மகன்மார் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ராத்தா பின்னால் வந்து, “உள்ளுக்கு ஐஸ் பக்கற் இரிக்கு தங்கச்சி, உருகினா நட்டம், கரண்டைக் குடுத்திருங்க” என்றார்.

பிரிட்ஜ் கதவில் ஒரு சிக்கல். நடுவில் அரபு எழுத்தில் ‘பிஸ்மி’ ஸ்டிக்கர், பச்சைக் கரையோடு. அதைக் கிழிக்க எனக்கு மனம் வருமா? அவர்களுடைய தெய்வ எழுத்து. பத்திரகாளி அம்மன் கோயில் கலண்டரை எடுத்து அதன்மேல் தொங்கவிட்டேன். அம்மன் கோபிக்கமாட்டாள் என்று ஒரு நம்பிக்கை. ராத்தா தள்ளி நின்று பார்த்து, “நல்லாத்தான் இரிக்கு” என்று தீர்ப்பும் சொன்னார்.

பத்து மணிக்கு வெள்ளை வான் வந்து நின்றது. எட்டுப்பேர். மாப்பிள்ளையின் தாய் கையில் ஒரு தயிர்ச்சட்டி. எருமைத் தயிர், தம்பலகாமத்தில் இருந்து கவனமாக மடியில் வைத்துக் கொண்டுவந்தது. “இதைப் பிரிட்ஜில வைக்கட்டே?” என்று கேட்டுவிட்டு, நான் ஓடிவருவதற்குள் அவரே கதவைத் திறந்து வைத்துவிட்டார். வந்து கதிரையில் இருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

நெல்லிக்கிரஷ் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, மகள் வந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போன அந்த நிமிடம் பார்த்து, அரசாங்கம் படலையைத் திறந்தது.

வந்தது ஒரு இளம் உத்தியோகத்தர் பெண். தோளில் பை, கையில் டெப் கணினி. உதவி பெறுகிற வீடுகளை மீண்டும் பார்க்க ஒழுங்கை ஒழுங்கையாகப் போகிறாராம். எங்கள் கிராமசேவகர், விதானையார், கூடவே வந்திருந்தால் உள்ளே எட்டிப்பார்த்து, விஷயம் விளங்கி, ஒரு சிரிப்போடு பிள்ளையை அடுத்த வீட்டுக்குக் கூட்டிப்போயிருப்பார். விதானையார் அன்றைக்கு லீவு. வருடம் முழுவதும் கந்தோரில் இருந்து எங்கள் உயிரை எடுக்கிற மனிதர், தேவைப்பட்ட ஒரு நாள் பார்த்து லீவு எடுத்தார்.

பிள்ளை மரியாதையாகத்தான் கேட்டார். “அம்மா, இந்தப் பிரிட்ஜ் உங்கடயா?”

எட்டுத் தலையும் என் பக்கம் திரும்பியது. மாப்பிள்ளையின் தாய் வாய்க்குக் கொண்டுபோன கிளாஸை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.

“ஓம்” என்றேன்.

“டீவி, கதிரை எல்லாம்?”

“ஓம், ஓம்.”

“பிரிட்ஜ் எப்ப வாங்கினது?”

இங்கேதான் என் புத்தி விளையாடியது. போன மாதம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், ஆட்கள் வருவதற்காக அவசரமாக வாங்கியது என்று நினைக்கமாட்டார்களா? பழைய பணம் என்றால்தானே மதிப்பு. “இவர் இருக்கேக்க வாங்கினது” என்று சுவரில் மாலையோடு தொங்கிய படத்தைக் காட்டினேன். பாவம் மனிசன், மறுத்துப் பேசக்கூடிய நிலையில் இல்லை. உயிரோடு இருந்த காலத்தில் அவர் எனக்கு வாங்கித்தந்தது ஒரே ஒரு டோர்ச்லைற். அதற்கும் பற்றரி நான்தான் வாங்கினேன்.

பிள்ளை டெப்பில் தட்டினார். பிரிட்ஜைப் படம் பிடித்தார். நான் கொடுத்த நெல்லிக்கிரஷையும் குடித்து, “நல்லா இருக்கு அம்மா” என்று சொல்லி, அடுத்ததாக ராத்தா வீட்டுக்குப் போனார். அங்கே சுற்றிப் பார்த்தார். பிரிட்ஜ் இல்லை. எப்படி இருக்கும், அது இங்கே என் கணவரின் ஞாபகார்த்தமாக நின்றுகொண்டிருக்கிறதே. ‘இல்லை’ என்று பதிந்துகொண்டு போனார். அவர் கேட்கவில்லை, ராத்தாவும் சொல்லவில்லை.

சம்பந்தம் சரிவந்தது. சாப்பிட்டு, தை மாதத்தில் கலியாணம் என்று பேசி, இரண்டு மணிக்கு வான் போனது. மூன்று மணிக்கு மகன்மார் வந்து பிரிட்ஜைத் தூக்கினார்கள். கதிரைகள் தெருவைக் கடந்து ரீச்சர் வீட்டுக்குப் போயின. தயிர்ச்சட்டியை வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டுபேரும் நிலத்தில் இருந்து, பழையபடி ஏழைகளாகத் தயிர்ச்சோறு சாப்பிட்டோம்.

இரண்டு மாதம் கழித்து மான் கொண்டுவந்த கடிதம்தான் மேலே சொன்னது. ‘இவர் இருக்கேக்க’ என்ற என்னுடைய இரண்டு சொல்லை வைத்து, உதவிப்பணம் தொடங்கிய முதல் நாளில் இருந்தே நான் பிரிட்ஜ்காரி என்று முடிவுகட்டியிருந்தார்கள். போன மாதம் வாங்கியது என்று சொல்லியிருந்தால் ஒரு மாதக் காசோடு போயிருக்கும். என் பெருமைக்கு வருடக் கணக்கில் வட்டி.

விதானையாரிடம் போனேன். கடிதத்தை வாசித்தார், மான் தின்ற மூலையைத் திருப்பிப் பார்த்தார்.

“எனக்குத் தெரியும் அக்கா, உங்கட வீட்டில ஒரு மண்ணும் இல்லையெண்டு. எழுதித் தரலாம். ஆனா நான் அண்டைக்கு லீவு. காணாததை எப்பிடி எழுதுறது?”

“அப்ப என்ன செய்யிறது?”

“மேன்முறையீடு போடுங்கோ. அண்டைக்கு வீட்டில நிண்ட ஆக்கள் ஆராவது வந்து, சாமான் இரவல் எண்டு சொல்லவேணும். சொந்தக்காரர் ஏலாது. பிற ஆக்கள்.”

அன்று வீட்டில் நின்ற பிற ஆட்கள் யார்? மாப்பிள்ளை வீட்டார் எட்டுப்பேர். அரசாங்கத்தின் கடனில் இருந்து தப்பவேண்டுமானால் சம்பந்தியிடம் போய், ‘நீங்கள் பார்த்ததெல்லாம் இரவல், வந்து சாட்சி சொல்லுங்கோ’ என்று கேட்கவேண்டும். கேட்டால் கலியாணம் என்ன ஆகும்? கேட்காவிட்டால் கலியாணத்துக்கென்று சீட்டுக்கட்டிச் சேர்த்த காசு அரசாங்கத் திறைசேரிக்குப் போகும். இப்படி ஒரு கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்திலும் போடமாட்டார்கள்.

நான் வாயை மூடிக்கொண்டு கட்டிவிடுவது என்று தீர்மானித்தேன். நான் அலுமாரிக்குள் ஒளித்துவைத்த கடிதத்தை மகள் எடுத்து வாசித்துவிட்டாள்.

“அம்மா, உங்கட மானத்துக்காக என்ர தாலிக்காசைக் கட்டப்போறீங்களோ?”

“உன்ர கலியாணம் குழம்பக்கூடாது எண்டுதானே பிள்ளை.”

“பிரிட்ஜ் இல்லையெண்டு குழம்புற கலியாணம் குழம்பட்டும்.”

சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்துக்கொண்டு, மாப்பிள்ளையோடு பேசக் கிணற்றடிக்குப் போனாள். நான் குசினிக்குள் இருந்து அழுதேன். அவள்மேல் கோபம். அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் கோபம்.

அடுத்த நாள் காலை சம்பந்தி, மாப்பிள்ளையின் தாய், தனியாக வந்து இறங்கினார். இந்தமுறை வான் இல்லை. கண்டி றோட்டில் பஸ் பிடித்து, பஸ் நிலையத்தில் இருந்து நடந்து, தோளில் புது அரிசிப் பையோடு. நான் கதிரை எடுக்கப்போனேன். பிளாஸ்டிக் கதிரைதான் இருந்தது, அதிலும் ஒரு கால் வெடிப்பு. அவர் நிலத்திலேயே இருந்துவிட்டார்.

“பிரிட்ஜ் உங்கட இல்லையெண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்” என்றார்.

நான் அரிசிப் பையை வாங்கிச் சுவரோடு சாய்த்தேன்.

“தயிர்ச்சட்டி வைக்கக் கதவைத் திறந்தனான். உள்ளுக்கு முழுக்க ஐஸ் பக்கற். இடியப்பக்காரிக்கு என்னத்துக்கு இவ்வளவு ஐஸ்? கதவைச் சாத்தேக்க கலண்டர் விலகிச்சுது, பிஸ்மி தெரிஞ்சுது.”

“பிறகு ஏன் ஓமெண்டனீங்கள்?”

“உள்ளுக்கு இருக்கிற சாமானோட, ஒரு பக்கற்கூட எண்ணாமல் பிரிட்ஜைத் தூக்கித் தாற அயல் ஒருத்திக்கு இருக்கெண்டா, அவள் எப்பிடிப்பட்டவள் எண்டு வேற விசாரிக்கவேணுமோ? பிரிட்ஜுக்கே என்ர மகன் தாலி கட்டப்போறான்?” என்று சொல்லிவிட்டு, “அண்டைக்கு நாங்கள் வந்த வான் ஆரின்ர எண்டு நீங்களும் கேக்கேல்லைத்தானே” என்றார்.

நான் சிரித்தேன். அழுகையும் வந்தது. இரண்டையும் சேலைத் தலைப்பால் துடைத்தேன். இந்த மனிசியைப் பார்த்தா நான் இரண்டு மாதம் பயந்து செத்தேன் என்று வெட்கமாக இருந்தது.

மேன்முறையீடு போட்டு, விசாரணைக்கு நானும் சம்பந்தியும் போனோம். ஒன்பது மணிக்கு வரச்சொல்லியிருந்தார்கள், ஆகவே பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். வெளியே போட்டிருந்த வாங்குப் பலகையில் எங்களைப்போல இன்னும் பலர். மோட்டார் சைக்கிள் என்று பதியப்பட்ட துருப்பிடித்த இரும்பின் படத்தோடு ஒரு ஐயா, இலங்கைத்துறையில் இருந்து மூன்று பஸ் மாறி வந்த ஒரு தாய். நாட்டின் கடனையெல்லாம் இந்த வாங்கில் இருந்தவர்கள்தான் வாங்கித் தின்றதுபோல ஒரு பார்வையோடு பியோன் எங்களை ஒழுங்குபடுத்தினார்.

விசாரணை அதிகாரி கெட்ட மனிதர் இல்லை. ரீச்சர் எழுதித்தந்த கடிதத்தைப் பார்த்து, தொலைக்காட்சியையும் கதிரைகளையும் சிவப்புப் பேனையால் வெட்டினார். வெட்டும்போது எனக்குக் கால் தரையில் இல்லை. பிறகு கணினியில் பிரிட்ஜின் படத்தைத் திறந்தார். மின்விசிறிக் காற்றுக்குக் கலண்டர் சரிந்து, அம்மனுக்குப் பக்கத்தில் பிஸ்மி பாதி தெரிந்தது.

“நீங்கள் இந்து தானே அம்மா? இது என்ன ஸ்டிக்கர்?”

“அதைத்தான் சேர் நாங்களும் சொல்லுறம்” என்றார் சம்பந்தி. “அது இவவின்ர பிரிட்ஜ் இல்லை. நான் அண்டைக்கு அங்க நிண்டனான். இரவல்.”

அதிகாரி தலையாட்டினார். “சரி, நம்புறன். ஆற்றை பிரிட்ஜ்? பேரையும் விலாசத்தையும் சொல்லுங்கோ. இதில இருந்து எடுத்து அங்க போட்டால் உங்கட பைல் முடிஞ்சுது.”

மேசையில் எங்கள் ஒழுங்கையின் பட்டியல் விரித்துக் கிடந்தது. தலைகீழாக இருந்தாலும் வாசிக்கமுடிந்தது. என் வீட்டு இலக்கத்துக்குக் கீழே ராத்தாவின் இலக்கம். குளிர்சாதனப் பெட்டி: இல்லை. நான் அதுவரைக்கும் இதை யோசிக்கவே இல்லை. கதிரைக்கு ரீச்சர் இருந்தார், சம்பளக்காரி, அவரை யாரும் கேட்கப்போவதில்லை. ராத்தா என்னைப்போல அந்தப் பட்டியலில் இருக்கிற ஆள். நான் ஒரு விலாசத்தைச் சொன்னால் அடுத்த கவரை மான் அந்தப் படலையில் மெல்லும். அவருக்கு வருகிற காசு நின்றால் அந்த மனிசனின் மருந்து நிற்கும்.

சம்பந்தி என்னைப் பார்த்தார். ஐஸ் பக்கற் யாருடையது என்று அவருக்கும் தெரியும்.

“என்னம்மா, ஆற்றை?”

“என்ர தான் சேர்.”

“அப்ப ஸ்டிக்கர்?”

“எல்லாச் சாமியும் ஒண்டுதானே சேர்.”

அதிகாரி சம்பந்தியிடம் திரும்பினார். “நீங்கள் இரவல் எண்டு சொன்னீங்கள்?”

சம்பந்தி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். “எனக்கு இப்ப வயசு போட்டுது சேர். கண்ணும் வடிவாத் தெரியாது. இவ பாவமெண்டு சும்மா சொன்னனான்.”

அதிகாரி எங்கள் இரண்டுபேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிவப்புப் பேனையை மூடினார். அவருக்கு விளங்கியது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் விளங்கியதை எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. தவணையில் கட்ட அனுமதி தந்தார். அதையும் ஒரு உதவியாகத்தான் பதிந்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்தோம். தாகம் என்று சொல்லி சம்பந்தி ராத்தா வீட்டில் ஐஸ் பக்கற் வாங்கப் போனார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியவில்லை. ஐந்து நிமிடத்தில் ராத்தா முந்தானையைக்கூடச் சரிசெய்யாமல் ஓடிவந்தார்.

“உங்களுக்கென்ன விசரா? ராத்தாட எண்டு செல்லிரிக்கலாமே! நான் என்ன செத்தா போயிட்டன்?”

“அரசாங்கம் என்ர எண்டு எழுதிப்போட்டுது ராத்தா. இனி அது என்ர பிரிட்ஜ். நீங்கள்தான் இரவலுக்கு வைச்சிருக்கிறீங்கள், கவனமாப் பாவியுங்கோ” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

கலியாண மண்டபம் எடுக்கிற யோசனையை விட்டுவிட்டோம். தையில் காளி கோயில் வாசலில் தாலி கட்டி, ஒழுங்கைக்குள் பந்தல் போட்டுச் சாப்பாடு கொடுத்தோம். மெத்தைக் கதிரைகளுக்கு ஐந்தாவது கலியாணம்.

முதல் தவணைக்கு முதல் நாள் பின்னேரம் ராத்தா ஒரு லேஞ்சித் துணி முடிச்சோடு வந்தார். வைத்தபோது கணகணவென்று சத்தம். முழுக்கச் சில்லறை, இன்னும் ஈரம் காயாதது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“வேண்டாம் ராத்தா. மருந்துக்கு வையுங்கோ.”

“இது நான் தாற காசில்ல தங்கச்சி” என்றார். “ஒரு நாளைக்குப் பத்துப் பக்கற் கூடச் செய்யிறன். பிரிட்ஜ் பட்ட கடன், அதுவே உழைச்சுக் கட்டட்டும்.”

அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் தவணையில் பாதி சில்லறைதான். வங்கியில் காசு எடுக்கிற தம்பிக்கு என்னைத் தூரத்தில் கண்டாலே முகம் சுருங்கும். போன மாதம் எண்ணி முடித்துவிட்டு, களைத்துப்போய்க் கேட்டான்.

“என்னம்மா இது, எங்க இருந்து இவ்வளவு சில்லறை?”

“என்ர பிரிட்ஜ் உழைச்சது தம்பி” என்றேன். அவன் றிசீற்றில் சீல் குத்தித் தந்தான்.